விளம்பரத்தில் கேட்டதை அனுப்பாதவர்களை ஒதுக்கிவிடலாமா?

கேள்வி:
திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டோம். ரெஸ்யூமை பிடிஎஃப்பாக அனுப்புங்கள், டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள அனுபவத்தையும் எதிர்பார்க்கும் சம்பளத்தையும் மெயிலிலேயே எழுதுங்கள், அவ்வளவுதான் கேட்டது. பாதிக்கு மேல் ஒரு வரிகூட எழுதாத வெறும் மெயில். ஒருவர் ரெஸ்யூமைச் சாய்வாகப் படம் பிடித்து, ஓரத்தில் கட்டைவிரல் தெரிய, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில் 1:
யோசிக்காமல் ஒதுக்குங்கள். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவேண்டிய ஆள் மூன்று வரி விளம்பரத்தையே படிக்கவில்லை என்றால், அப்புறம் அபராதம் கட்டப்போவது நீங்கள்தான்.

பதில் 2:
அவசரப்படாதீங்க சார். வேலை தேடுகிறவர்கள் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறார்கள், பாதிக் கம்பெனிகள் பதில்கூடப் போடுவதில்லை. டேலியில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு மெயில் எழுதிப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். போன் போட்டுப் பேசிப் பாருங்கள். சம்பளத்தை நீங்கள் முதலில் சொன்னீர்களா?

பதில் 3:
டிஎன்பிஎஸ்சியில் இந்தக் கரிசனமெல்லாம் எதிர்பார்க்க முடியாது. தமிழ்வழி 20% ஒதுக்கீட்டுக்கு, 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அறிவிக்கையைப் புரட்டிப் பார்க்காமல் டிகிரி சான்றை மட்டும் ஏற்றிவிட்டுக் கடைசியில் புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.