ஹேண்ட்பிறேக் எடுத்தும் லொறி அசையாம நிண்ட அனுபவம் உள்ள ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

புல்லுமலை ரோட்டு:
செங்கலடியால ஏறி பதுள ரோட்டுல ஓடுற ஆக்களுக்குத் தெரியும், கரடியனாறு தாண்டினா மறுகா ஒரு கராஜ் கண்ணுல படாது, புல்லுமலைக்கு அங்கால பொழுதுபட்டா யானை. மகா ஓயாப் பக்கம் நெல் ஏத்திட்டு வாறம், லேலண்ட், பத்து வீல். ஒண்டுக்குப் போக ஒதுக்கி நிப்பாட்டி ஹேண்ட்பிறேக்கப் போட்டதுதான், கிறுகி வந்து எடுத்தா வண்டி அசையுதில்ல. கிளச்ச விட்டா பின்பக்கம் குந்துது, எஞ்சின் ஓஃப் ஆகுது. இந்த வண்டியில ஹேண்ட்பிறேக்கப் பிடிக்கிறது ஸ்ப்ரிங், காத்து உள்ள வந்து ஸ்ப்ரிங்க அமத்தினாத்தான் விடும். காத்துக் கேஜப் பாத்தா ரெண்டு முள்ளும் எட்டுல நிக்கிது. எட்டு பார் இருக்கு, பிறேக் விடுதில்ல, எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. அந்த நேரம் உழவு மெசினில வந்த வயசாளி ஒருத்தர் நிப்பாட்டினாரு. அவர் கேஜப் பாக்கவே இல்ல. "மனே ஹேண்ட்பிறேக்க ஒருக்காப் போட்டு எடு" எண்டாரு. போட்டன். "புஸ் கேட்டிச்சா?" அப்பதான் எனக்கும் விளங்கிச்சு, வழமையாப் போடக்குள்ள வாற புஸ் வரல்ல. "வெளிய வாறதுக்கு உள்ள காத்துப் போயிருக்கணும், போகல்ல" எண்டு சொல்லிட்டு கல்லத் தேடி முன் வீலுக்கும் பின் வீலுக்கும் அண்ட குடுத்துப் போட்டு அடியில பூந்துட்டாரு. வாயில டோர்ச்சக் கடிச்சிக்கொண்டு சேம்பர், அதான் அந்த ஸ்ப்ரிங் இருக்கிற டப்பா, ஒவ்வொண்டுக்கும் பின்னால உள்ள போல்ட சுத்திச் சுத்தி வெளிய எடுக்கிறாரு, இருட்டுக்குள்ள எங்கயோ கொப்பு முறியிற சத்தம் கேக்குது, நான் லொறியில ஏறவா ஓடவா எண்டு நிக்கிறன், அந்த மனிசன் டோர்ச்சக் கூட வாயில இருந்து எடுக்கல்ல, கையால மட்டும் சத்தம் போடாத எண்டு காட்டிட்டு சுத்திக்கொண்டே இருந்தாரு. கடைசிப் போல்ட் வந்ததும் லொறி லேசா முன்னால அசைஞ்சி கல்லுல முட்டி நிண்டிச்சு. கால் பிறேக் மட்டும் வச்சி மெல்ல மெல்ல செங்கலடிக்கு வந்து சேந்தம். காசு வாங்கல்ல, பேர் கேக்க மறந்துட்டன். என்ர கேள்வி இதுதான், கேஜ் எட்டுல நிக்கக்குள்ள பிறேக்குக்கு எப்படிக் காத்து இல்லாமப் போகும்?

கல்முனை லொறிக்காரன்:
காக்கா அவர் போல்ட எந்தப் பக்கம் சுத்தினாரு எண்டு போடுங்க. எங்கட வண்டியில நட்ட வலப்பக்கம் இறுக்கினாத்தான் ஸ்ப்ரிங் உள்ளுக்க இழுக்கும், நீங்க சுத்தி வெளிய எடுத்தாரு எண்டு எழுதிருக்கீங்க, ஆராவது வாசிச்சிட்டுப் பிழையாச் செய்யப் போறான்.
என்ட கதை வேற. ஒலுவில் தாண்டி வரக்குள்ள பின்னால வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிச்சிக்கிட்டே வாறான், இடப்பக்கப் பின் வீலுல புகை இரிக்கி. இறங்கிப் பாத்தா வீலோட சுத்துற ட்றம் நீலம் பாஞ்சி, அத அமத்திப் பிடிக்கிற லைனர் கருகுற மணம். கால் பிறேக்க விட்டும் அந்த ஒரு வீல் மட்டும் விடல்ல. கராஜுல வால்வ மாத்தினாங்க, சேம்பர மாத்தினாங்க, லைனருக்கும் ட்றம்முக்கும் இடைவெளி வைக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர மாத்தினாங்க, திரும்பத் திரும்பப் புகை. கடைசியா ஒரு சின்னப் பொடியன், வேல பழகுறவன், ஓஸக் கழட்டி வாயால ஊதிப் பாத்தான். ஒரு பக்கத்தால ஊதினா போகுது, மத்தப் பக்கத்தால ஊதினா அடைக்குது. நீட்டுக்கு வெட்டிப் பாத்தம், உள்ளுக்க உள்ள ரப்பர் உரிஞ்சி நாக்கு மாதிரி தொங்குது. பிறேக் அடிச்சா காத்து அதத் தள்ளிக்கிட்டுப் போகும், விட்டா அதே காத்து திரும்பி வந்து அந்த நாக்கால வாய மூடிரும். வெளியால பாத்தா ஓஸ் புத்தம் புதுசு. அந்தத் துண்டு இன்னும் ஊட்ட இரிக்கி. இவ்வளவு சாமான் மாத்தின காச நினைச்சா இப்பயும் வயிறெரியும்.

வாழைச்சேனை பாஸ்:
ரெண்டு பேரும் சரிதான், சண்டை பிடிக்க வேணாம். சில சேம்பருல போல்ட் உள்ளுக்கயே பூட்டி வரும், அத இடப்பக்கம் சுத்த வெளிய வரும், வரவர ஸ்ப்ரிங் சுருங்கும். மத்த வகைக்கு போல்ட் தனியா சேம்பர் பக்கத்துல ஒரு பையுக்க செருகி இருக்கும், பின்னால ரப்பர் மூடியக் கழட்டி அத உள்ள விட்டு கால் சுத்து சுத்திக் கொழுவிட்டு நட்ட வலப்பக்கம் இறுக்கணும். எந்த வகை எண்டு பாக்காம கையில ஸ்பேனர் எடுக்கப்படாது.
கேஜ் கேள்விக்கு வாறன். அந்த ரெண்டு முள்ளும் காட்டுறது முன் பிறேக் டாங்கியும் பின் பிறேக் டாங்கியும். ஹேண்ட்பிறேக்குக்குப் போற லைன் வேற. கொம்பிரசருல இருந்து வாற காத்து நாலு வழி வால்வு ஒண்டுக்குள்ளால பிரியும், கால் பிறேக்குக்கு ரெண்டு வழி, ஹேண்ட்பிறேக்குக்கு ஒண்டு, ஹோர்ன் எக்ஸோஸ்ட் பிறேக் மாதிரிச் சாமானுக்கு ஒண்டு. கால் பிறேக் நிரம்பினாப் பிறகுதான் மத்ததுகளுக்குத் திறக்கும். அந்த மூணாவது வழி கறலாலயோ ஒயில் கசடாலயோ இறுகிட்டா கேஜ் எட்டு காட்டும், ஹேண்ட்பிறேக்குக்கு ஒரு பொட்டுக் காத்தும் போகாது. பாக்கிறதுக்கு வழி, வீலுகளுக்கு அண்ட குடுத்துட்டு ஹேண்ட்பிறேக் வால்வுக்கு உள்ள வாற பைப்ப லேசாத் தளத்துங்க. காத்து வரல்லையெண்டா நாலு வழி வால்வு. வந்தா ஹேண்ட்பிறேக் வால்வோ பின்னால சேம்பருக்குக் காத்து விடுற ரிலே வால்வோ.
ஒரு வீல் மட்டும் விடல்லையெண்டா அந்த சேம்பரின்ர கால் பிறேக் ஓஸத் தளத்துங்க. புஸ் எண்டு காத்து வந்து வீல் விட்டா குத்தம் மேல, ஓஸோ வால்வோ. காத்தும் வரல்ல வீலும் விடல்லையெண்டா குத்தம் கீழ, லைனர விரிக்கிற கேம் தண்டின்ர புஷ் இறுகியிருக்கும், ரிட்டேன் ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கும், இல்லாட்டி ஸ்லாக்க அளவுக்கு மேல இறுக்கியிருப்பாங்க. ஹேண்ட்பிறேக்க எடுத்து வச்சிருக்கக்குள்ள மட்டும் கால் வால்வாலயோ ரிலேயாலயோ காத்து ஒழுகினா சேம்பருக்கு நடுவுல உள்ள சீல் போயிருக்கு, ஸ்ப்ரிங் பக்கத்துக் காத்து மத்தப் பக்கத்துக்குத் தாவுது. கனபேர் கால் வால்வ மாத்திப் போட்டு பிறகும் ஒழுகுது எண்டு வருவாங்க.
மறுகா ஒண்டு. சேம்பரின்ர ஸ்ப்ரிங் பக்கத்து வளையத்த வாழ்க்கையில கழட்டாதீங்க. உள்ளுக்க ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட இறுகி நிக்கிது. எனக்கு வேல பழக்கின பாஸின்ர கராஜுல ஒரு மூடி பாஞ்சி தகரக் கூரையப் பிச்சிக்கொண்டு போனது, கீழ ஆளில்ல, அவ்வளவுதான். பழைய சேம்பர எறியிறதெண்டாலும் போல்டால ஸ்ப்ரிங்கக் கட்டிப்போட்டுத்தான் எறியணும், இரும்புக்காரன் தெரியாம வெட்டுவான்.

ஆத்தங்கரை:
பாஸ் எழுதினது புத்தகமே போடலாம். ஆனா போல்ட வெளிய எடுத்துட்டு ஓடினத ஆரும் ஒண்டும் கேக்கல்லையே? போல்ட் வெளிய இருந்தா ஹேண்ட்பிறேக்கும் இல்ல, காத்து இறங்கினா தானாப் பிடிக்கிற பிறேக்கும் இல்ல. புல்லுமலை ரோட்டு சமதரையெண்டபடியாச் சரி, இதே வேலைய லுணுகல பசறைப் பக்கம் செஞ்சா இஞ்ச எழுத ஆள் இருந்திராது.
என்ர கதை ஓட்டமாவடி. புதுப் பாலம் கட்ட முதல் கோச்சியும் வாகனமும் ஒரே பாலத்தாலதானே போறது, கேட் போட்டா எல்லாரும் காத்து நிக்கணும். நாங்க டாடாவுல மீன் பெட்டி ஏத்திட்டு பாலத்துல ஏறி நடுவுக்கு வரக்குள்ள கொம்பிரசருல இருந்து போற பைப் வெடிச்சிட்டு. முள் இறங்குறது கண்ணுக்குத் தெரியுது, எப்படியும் அக்கரைக்குப் போயிருவம் எண்டு மிதிச்சாரு டிரைவர், போகல்ல, பின் வீல் கப்பெண்டு பிடிச்சிட்டு. தண்டவாளத்துக்கு மேல நிக்கிறம். எனக்கு இண்டைக்கும் மறக்காதது கேட்காரர் சிவப்புக் கொடியத் தூக்கிக்கொண்டு சாரத்த மடிச்சிக் கட்டிட்டு கோச்சி வாற பக்கமா ஓடின ஓட்டம். பின்னால நிண்ட லொறிக்காரர் ஒரு வார்த்த பேசல்ல, ரயருக்குக் காத்தடிக்கிற ஓஸ இழுத்துக்கொண்டு வந்தாரு, எங்கட டாங்கிக்கு அடியில தண்ணி விடுற டெப்பக் கழட்டி அந்த ஓட்டையில பூட்டி, வெடிச்ச பைப்ப அடைச்சி அவரின்ர வண்டிக் காத்த ஏத்தினாரு. அஞ்சு பார் தாண்டினதும் வீல் விட்டிச்சு. இறங்கினதும் கேட்காரர் டிரைவருக்குப் பேசின பேச்சு எழுத ஏலாது.

ரொறன்டோ மட்டுநகரான்:
இஞ்ச குளிருக்கு டாங்கியில உள்ள தண்ணி உறைஞ்சி வால்வு இறுகும், அதான் பிறேக் விடாது. காத்துல உள்ள ஈரத்த எடுக்கிற எயார் ட்றையரின்ர காட்றிஜ் நேரத்துக்கு மாத்துங்க, உறையாம இருக்க அதுக்கெண்டே விக்கிற அல்கஹோல் இருக்கு. வால்வுக்கு நேரா நெருப்புப் பிடிக்க வேண்டாம், உள்ளுக்க றப்பர் உருகும். லைனர் பூட்டின ஷூ ட்றம்மோட உறைஞ்சா மெல்ல முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சுப் பாருங்க. ஈரமா இருக்கிற நேரம் பிறேக்கக் காய வச்சிட்டு நிப்பாட்டுங்க.

கல்முனை லொறிக்காரன்:
காக்கா மட்டக்களப்புல ஐஸ் இரிக்கிற ஒரே இடம் மீன் வாடி. ஆனா தண்ணி விசயம் சரி. எங்கட பக்கம் உறையாது, கறல் பிடிக்கும். நாளைக்கு ஒருக்கா டாங்கி டெப்பத் திறந்து விடுற டிரைவர்மார் எத்தின பேர்? திறந்தா வாறது தேத்தண்ணிக் கலருல இரிக்கி.

சம்மாந்துறை ஆலை:
2011 ஜனவரி வெள்ளம் ஞாபகம் இருக்கா? எங்கட மில்லுக்குள்ள வீல் முட்டத் தண்ணி, லொறி அப்படியே நிண்டது. வத்தினாப் பிறகு ஸ்டார்ட் பண்ணி காத்து ஏத்தி ஹேண்ட்பிறேக்கப் போட்டு எடுத்தா புஸ் நல்லாக் கேக்குது, சேம்பர் தண்டும் உள்ள போகுது, வீல் மட்டும் சுத்துதில்ல. லைனர் ட்றம்மோட ஒட்டிட்டு. டிரைவர் சொன்னாரு முதல் கியருல போட்டு இழுப்பம் எண்டு, எங்கட மாமா விடல்ல, லைனர் பிச்சிக்கொண்டு வந்து ட்றம்முக்குள்ள சிக்கினா முழுக்கச் செலவு எண்டாரு. ஸ்லாக்கத் தளத்திப் போட்டு சம்மட்டியால ட்றம்மின்ர ஓரத்தச் சுத்தி அடிச்சாங்க, உடைக்கிற மாதிரி இல்ல, தட்டிக் கேக்கிற மாதிரி. ஒட்டியிருக்கிற ட்றம் செத்த சத்தம் போடும், விட்டதும் சத்தம் மாறும். கடைசி வீல் விட்ட நேரம் டங்கெண்டு மணியடிச்ச கணக்கா மில் முழுக்கக் கேட்டிச்சு, மூட தூக்குற பொடியன்மார் கை தட்டினாங்க.
ரொறன்டோ சொன்ன முன்னுக்குப் பின்னுக்கு அசைக்கிற வேல ஒரு ராத்திரி மழைக்குச் சரி. வெள்ளத்துக்குச் சரி வராது.

ஏறாவூர் டிப்பர்:
எல்லாரும் காத்து காத்து எண்டுறீங்க, என்னட்ட இருக்கிறது இசுசு ஃபோர்வேட். கால் பிறேக் பிடிச்சா விடாது, சூடேற ஏற இன்னும் இறுகும், ஆறினா விடும். மண் ஏத்திட்டு நிக்கிறன், வெயில், பின்னால வரிசையா டிப்பர், ஹோர்ன். சேம்பருல போல்டத் தேடுறன், போல்டே இல்ல. எங்க சுத்துறது?

வாழைச்சேனை பாஸ்:
தம்பி உங்கட வண்டி வேற சாதி. அதில காத்து ஒயிலத்தான் தள்ளுது, ஒயில்தான் வீலப் பிடிக்குது, நடுவுல எயார் மாஸ்டர் இருக்கு. அடுத்த முறை பிடிச்சா வீல் சிலிண்டருல காத்து எடுக்கிற நிப்பிள லேசாத் தளத்துங்க. ஒயில் பீச்சி வீல் விட்டா ஒயில் திரும்புதில்ல, எயார் மாஸ்டரோ அதின்ர காத்து வெளிய போற வாயோ அடைச்சிருக்கு. சேறு போய் அடைக்கிறது டிப்பருக்கு வழமை. பிறேக் ஒயில் டாங்கியில ஆராவது பிறேக் ஒயிலுக்குப் பதிலா ஹைட்றோலிக் ஒயில் ஊத்தினாங்களா எண்டும் பாருங்க, அது பட்டா ரப்பர் சீல் எல்லாம் ஊதி ஒயில் திரும்பி வாற ஓட்டைய மூடிரும். அப்படியெண்டா ஒரு சீல் மாத்திச் சரி வராது, எல்லா ரப்பரும் மாத்தணும்.

ஏறாவூர் டிப்பர்:
ஒயில் ஊத்தினது மச்சான்தான். கேக்கிறன்.

வாகரை றெயிலர்:
நான் ஓடுறது பிரைம் மூவர், றெயிலர இழுக்கிற முன் வண்டி, திருகோணமலையில இருந்து சீமெந்து. ஒரு றெயிலரக் கழட்டிப்போட்டு வேற றெயிலரக் கொழுவினம், காத்து ஓஸ் ரெண்டும் பூட்டினம், இழுத்தா றெயிலர் வீல் சுத்தாம ரோட்டுல கோடு போடுது. கப்பிளிங் தலை ரெண்டும் முந்தி ஆரோ மாத்திப் பூட்டியிருக்கான், சிவப்பும் மஞ்சளும் இடம் மாறி. சிவப்புல எந்த நேரமும் காத்து நிக்கணும், அதுதான் றெயிலர் பிறேக்க விட வைக்கிறது, மஞ்சளுல கால் வச்சாத்தான் வரும். மாறினா றெயிலர் டாங்கி நிரம்பாது, விடாது. இதக் கண்டுபிடிச்சது டிரைவரும் இல்ல பாஸும் இல்ல, எங்கட கிளீனர். அவன் கால் பிறேக்க மிதிக்கச் சொல்லி, மிதிச்ச நேரம் சிவப்பு ஓஸக் கையால பிடிச்சுப் பாத்தான், அப்பதான் அது விறைக்குது. வெருகல் வாறவரைக்கும் அதச் சொல்லியே எங்களச் சாகடிச்சான்.
பாஸ், எயார் ட்றையர் இல்லாத பழைய லேலண்டுக்கு இப்ப புதுசாப் பூட்டலாமா? கொம்பிரசர் கொஞ்சம் ஒயில் தள்ளுது.

வாழைச்சேனை பாஸ்:
முதல்ல கொம்பிரசர் றிங்க மாத்துங்க. ஒயில் தள்ளிக்கொண்டிருக்கிற கொம்பிரசருக்கு ட்றையர் பூட்டினா காட்றிஜ் வாங்கியே கை முடிஞ்சிரும்.