டிராபிசம்: 'நாட்டம்' வேண்டாம், 'புகுவழி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. கட்டுரையில் வரும் 'டிராபிசம்' (ஒரு வைரஸ் எந்த வகைச் செல்லில் தொற்ற முடியும் என்ற தன்மை) என்ற சொல்லுக்குத் தமிழில் 'நாட்டம்' போதும் என்று இங்கே சொல்லியிருந்தார்கள். செடிக்கு அது அருமையான சொல். ஒளி வரும் பக்கம் தண்டு வளைகிறது, ஒளிநாட்டம் என்கிறோம். கிரேக்க வேருக்கும் 'திரும்புதல்' என்றே பொருள். ஆனால் வைரஸ் எங்கேயும் திரும்புவதில்லை. மிதந்து வந்து மோதுகிறது. பொருந்தினால் உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

தோலையே எடுத்துக்கொள்வோம். மேல்தோலில் கிளை விரித்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களை 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டார். கிளைகளைப் பார்த்து நரம்புச் செல் என்று நினைத்துவிட்டார். நோயெதிர்ப்புச் செல் என்று தெளிய நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. இதன் மேற்பரப்பில், எச்.ஐ.வி. ஒட்டிக்கொள்ளும் புரதமான சிடி4 ஏற்பியும், உள்ளே புக அதோடு சேர்ந்து தேவைப்படும் சிசிஆர்5 என்ற துணை ஏற்பியும் உண்டு. சிஎக்ஸ்சிஆர்4 என்ற மற்றொரு துணை ஏற்பி, தோலிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் அனேகமாக இருக்காது. அதனால் சிசிஆர்5 வழியே புகும் ஆர்5 வகை வைரஸ் புகுந்துவிடுகிறது, சிஎக்ஸ்சிஆர்4 வேண்டிய எக்ஸ்4 வகைக்கு வழியில்லை. அதே செல்லை ஆய்வகத்தில் சில நாள் வளர்த்தால் சிஎக்ஸ்சிஆர்4 மேலே வந்துவிடும். வைரஸ் மாறவில்லை, கதவுதான் மாறியது. இதை எப்படி நாட்டம் என்பது?

இன்னொன்று. இந்தச் செல்லில் இருக்கும் லாங்கரின் என்ற புரதம் எச்.ஐ.வி.யைப் பிடித்து உள்ளிழுத்துச் சிதைப்பதாக 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைரஸ் மிக அதிகமானால் இந்தக் காவல் போதவில்லை. ஆக, பிடிபடுவது வேறு, தொற்றப் புகுவது வேறு. 'புகுவழி' என்றால் இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியும்.

'செல்சார்பு' என்ற யோசனையும் வந்தது. மேக்ரோஃபேஜ் வகை, டி செல் வகை என்று, தொற்றும் நோயெதிர்ப்புச் செல்லை வைத்துப் பெயரிட்டுப் பார்த்துக் குழம்பித்தான், 1998இல் துணை ஏற்பியை வைத்து ஆர்5, எக்ஸ்4 என்று பெயர் மாற்றினார்கள். முன்பு மேக்ரோஃபேஜ் வகை எனப்பட்ட ஆர்5 வகை டி செல்லையும் தொற்றும் அல்லவா? அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு?

புழக்கத்தில் எப்படி ஒலிக்கிறது என்று பார்த்தேன். இரண்டு துணை ஏற்பியும் ஒத்துவரும் வைரஸ் 'இருபுகுவழி வகை'. மாராவிராக் என்ற எச்.ஐ.வி. மருந்து சிசிஆர்5ஐ மட்டுமே அடைப்பதால் அதைத் தரும்முன் செய்வது 'புகுவழிச் சோதனை'. சரியாகவே அமைகிறது. நோயாளியிடம் 'நாட்டச் சோதனை' என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கனவே ஒழுக்கத்தைக் கிளறிப் பேசப்படும் நோய் இது. ஆசையைக் குறிக்கும் சொல் சோதனைத் தாளில் வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் என்று உறுப்பளவில் பேசும்போது 'புகுவழி' பொருந்தாது. அங்கே 'இலக்கு உறுப்பு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள், கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.