பெரிய வீடு குழு: டேங்க் வழிந்த காலை

ராயபுரம், ஞாயிற்றுக்கிழமை

5.52 ரேவதி அக்கா: மொட்டை மாடியில் தண்ணீர் கொட்டுகிறது. யார் மோட்டார் போட்டது? உடனே நிறுத்துங்கள்.

5.53 பெரியம்மா: நான்தான் போட்டேன். நிறுத்திவிட்டேன். போனில் பார்த்துத்தானே போட்டேன், 38 சதவீதம் என்று காட்டியது.

5.55 ரேவதி அக்கா: ராத்திரியே டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது பெரியம்மா. வழிகிற குழாய்க்கு நேர் கீழே பாப்பாவின் யூனிஃபார்மைக் காயப் போட்டிருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.

5.58 பெரியம்மா: மோட்டார் ஓட ஓட எண் ஏறவேண்டும் அல்லவா? 38, 35, 31 என்று இறங்கிக்கொண்டே வந்தது. மாடியில் யாரோ குழாயைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

6.20 கார்த்தி: இப்போதுதான் எழுந்தேன். பெரியம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. இறங்கிக்கொண்டே வந்தது என்று சொன்னீர்களே, அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நீங்கள் பார்த்தது டேங்க் இல்லை, சம்ப். சம்ப்பிலிருந்து தண்ணீர் மேலே ஏற ஏற அந்த எண் குறைந்திருக்கிறது.

6.21 பெரியம்மா: நீ சொல்லிக்கொடுத்த தண்ணி.லோக்கல் தானே அடித்தேன்? அது டேங்க், தண்ணி-2 சம்ப் என்று நீதானே சொன்னாய்?

6.22 கார்த்தி: ஆமாம், நேற்று வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ராத்திரி கரண்ட் போய் வந்ததில் இரண்டும் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டன. தப்பு என்னுடையது. முகம் கழுவிவிட்டு வந்து விளக்கமாக எழுதுகிறேன். அதுவரை யாரும் போனை நம்பி மோட்டார் போடாதீர்கள்.

6.24 அம்மா: என் போனில் அந்தத் தண்ணீர் அளவுப் பக்கம் என்றைக்குமே வந்ததில்லை. அதையும் பார்.

6.25 ரேவதி அக்கா: எங்கள் மாடியிலும் பெயர் போட்டால் வராது. நான் எண்ணைப் போட்டுத்தான் பார்க்கிறேன்.

6.48 கார்த்தி: சரி, முதலில் பெயர் எதற்கு வைத்தேன் என்று சொல்கிறேன். தண்ணீர் அளவைப் போனுக்குச் சொல்ல டேங்க்கில் ஒரு சின்ன வைஃபை போர்டு வைத்திருக்கிறேன், அதற்கு ரூட்டர்தான் ஓர் எண் கொடுக்கிறது. ஒரு நாள் 192.168.1.7 என்று கொடுக்கும். கரண்ட் போய் வந்தால் அதே போர்டுக்கு 192.168.1.11 என்று கொடுக்கும். போனில் பழைய எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் பக்கம் திறக்காது. போன வருஷம் மழைக்காலத்தில் நீங்கள் எல்லோரும் தினமும் என்னிடம் கேட்டது இதைத்தான். அதனால்தான் பெயர் வைத்தேன். எண் என்னவாக மாறினாலும் பெயர் மாறாது.

6.50 பெரியப்பா: அந்தப் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறாய்? ரூட்டரிலா?

6.56 கார்த்தி: அந்தந்தப் போர்டுக்குள் மட்டும்தான் பெரியப்பா, வேறு எங்கேயுமே இல்லை. அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். இணையத்தில் ஒரு பெயரை அடித்தால், பெயர்களுக்கான பதிவேட்டை வைத்திருக்கிற டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு எண்ணை வாங்கிவருவார்கள். பெயரின் கடைசியில் டாட் லோக்கல் என்று இருந்தால் அந்த சர்வரிடம் போவதில்லை. பெரியம்மா போன் நம் வைஃபை முழுக்கக் கேட்கிற மாதிரி "தண்ணி என்ற பெயர் யாருக்கு?" என்று கேட்கும். டிவி, பிரிண்டர், ரேவதி அக்கா லேப்டாப் என்று எல்லாவற்றின் காதிலும் அது விழும். ஆனால் அந்தப் பெயர் உள்ளவன் மட்டும் "நான்தான், என் எண் இது" என்று பதில் சொல்வான். கேட்பதற்கென்றே பொதுவான ஒரு முகவரி உண்டு, 224.0.0.251. அதில் போர்ட் என்கிற வாசல் எண் 5353. மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்பார்கள், சுருக்கமாக எம்டிஎன்எஸ்.

7.03 பெரியப்பா: இது எங்கள் படகு வயர்லெஸ் மாதிரியே இருக்கிறதே. சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். கடலில் போகிற எல்லோரும் அதைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். ஒரு படகோடு பேச வேண்டுமென்றால் அதன் பெயரை மூன்று தடவை சொல்லிக் கூப்பிடுவோம். காசிமேட்டிலிருந்து போன அத்தனை படகுக்கும் கேட்கும், ஆனால் கூப்பிட்ட படகு மட்டும்தான் பதில் சொல்லும். அப்புறம் இரண்டு பேரும் வேறு சேனலுக்கு மாறிப் பேசிக்கொள்வோம். 16-ஐ அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

7.05 கார்த்தி: பெரியப்பா, நான் இரண்டு வருஷமாக இதற்கு ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். அச்சாக அதேதான். பெயரைச் சொல்லி எண்ணைத் தெரிந்துகொள்வது மட்டும்தான் பொதுச் சேனலில் நடக்கும். எண் கிடைத்த பிறகு போனும் போர்டும் நேராகப் பேசிக்கொள்ளும்.

7.06 பெரியப்பா: சரி, ஒரே பெயரில் இரண்டு படகு இருந்தால்? எங்களுக்கு அது சகஜம். ஓனர் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவோம்.

7.14 கார்த்தி: இன்றைக்கு நம் வீட்டில் நடந்தது அதுதான். முதலில் டேங்க்கில் மட்டும் ஒரு ஈஎஸ்பி32 போர்டு வைத்தேன், பெயர் தண்ணி. போன மாதம் ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்கி, அதே புரோகிராமை அப்படியே ஏற்றி சம்ப்பில் வைத்தேன். அதனால் அதன் பெயரும் தண்ணி.

ஒரு போர்டு எழுந்ததும் "தண்ணி என்ற பெயரை யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று மூன்று தடவை கேட்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கால் நொடி இடைவெளி. யாரும் மறுக்கவில்லை என்றால் பெயரை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் அறிவித்துவிடும். ஏற்கெனவே ஒருவன் இருந்தால் விட்டுக்கொடுத்து, தண்ணி-2 என்று வைத்துக்கொள்ளும். நான் சம்ப் போர்டை வைத்த அன்று டேங்க் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் டேங்க் தண்ணி, சம்ப் தண்ணி-2. தானாகவே பெயர் அமைந்துவிட்டது என்று நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ராத்திரி கரண்ட் வந்தபோது இரண்டும் சேர்ந்து எழுந்திருக்கின்றன. சம்ப் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு வைஃபை முதலில் கிடைத்திருக்கும். பெயரை அது எடுத்துக்கொண்டது. டேங்க் தண்ணி-2 ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நடுவில் பெரிதாக ஒரு எண் மட்டும். பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்?

7.16 பெரியம்மா: பக்கத்தின் மேலே டேங்க், சம்ப் என்று பெரிய எழுத்தில் போட்டுவிடு கார்த்தி.

7.16 கார்த்தி: கண்டிப்பாக. முதல் வேலையே அதுதான்.

7.40 நவீன்: அண்ணா, நான் ஹாஸ்டலில் இருந்து தண்ணி.லோக்கல் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

7.42 பெரியப்பா: கரைக்கு அந்தப் பக்கம் வயர்லெஸ் எடுக்காதுடா.

7.44 கார்த்தி: ஆமாம் நவீன். அந்தக் கேள்வி நம் வீட்டு ரூட்டரைத் தாண்டி வெளியே போகாது, போகவும் கூடாது. உன் ஹாஸ்டலில் யாராவது தண்ணி என்று பெயர் வைத்திருந்தால் அவனுடையதுதான் உனக்கு வரும். வெளியிலிருந்து பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் அளவுக்காக வீட்டு ரூட்டரில் கதவு திறந்துவைக்க எனக்கு இஷ்டமில்லை.

8.10 ரேவதி அக்கா: என் விஷயத்துக்கு வா. எண் போட்டால் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை. ஏன்?

8.12 கார்த்தி: உன் லேப்டாப்பில் வைஃபை செட்டிங்ஸ் போய், அதன் சொந்த எண் என்ன என்று பார்த்துச் சொல் அக்கா.

8.19 ரேவதி அக்கா: 192.168.0.104

8.23 கார்த்தி: சரி, பிடித்துவிட்டேன். கீழே எங்களுக்கெல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்கும். உனக்கு 192.168.0. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று நீ வாங்கி மாட்டிய இரண்டாவது பெட்டி, கீழே உள்ள ரூட்டரின் கிளையாக வேலை செய்யவில்லை. தனி ரூட்டராகவே ஓடிக்கொண்டு, உனக்கென்று தனி நெட்வொர்க் நடத்துகிறது. எண்ணைப் போட்டால் அது கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் பெயர் கேட்கிற குரல் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும், கீழே கேட்காது. பிரிண்டரும் உன் போனில் காட்டவில்லை என்று சொன்னாயே, காரணம் இதேதான். பிரிண்டர் தன் பெயரை எம்டிஎன்எஸ் வழியாகத்தான் சொல்லிக்கொள்கிறது.

8.25 ரேவதி அக்கா: பிரிண்டருக்கும் இதுதானா! நான் மூன்று மாதமாகப் பிரிண்ட் எடுக்கக் கீழே ஓடி வருகிறேன்.

8.27 கார்த்தி: அந்தப் பெட்டியின் செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒன்று இருக்கும். அதற்கு மாற்றிவிட்டால் மொத்த வீடும் ஒரே நெட்வொர்க். காலை டிபன் முடிந்ததும் லேப்டாப்போடு மேலே வருகிறேன்.

8.30 பெரியப்பா: இதைக் கண்டுபிடித்தது யார்?

8.38 கார்த்தி: ஸ்டூவர்ட் செஷயர் என்பவர், ஆப்பிளில் இருப்பவர். 1980-களில் மேக் கம்ப்யூட்டர்களில் ஆப்பிள்டாக் என்று ஒன்று இருந்தது. வயரைச் சொருகினால் போதும், பிரிண்டர் தானாகப் பெயரோடு வந்து நிற்கும். உலகம் முழுக்க இணைய எண்களுக்கு மாறியபோது அந்த வசதி போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று உழைத்தார். 2002-இல் மேக்கில் ராண்டேவூ என்ற பெயரில் வந்தது, அப்புறம் போன்ஜூர் என்று பெயர் மாற்றினார்கள். 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்று பொது விதியாகவே எழுதிவிட்டார்கள். செஷயரோடு மார்க் க்ரோக்மல் என்பவரும் சேர்ந்து எழுதினார். லினக்ஸில் அவாஹி என்ற புரோகிராம் இந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸ் 10-இலும் இருக்கிறது. அதனால்தான் யாருடைய போர்டும் யாருடைய போனும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன.

8.41 பெரியப்பா: நல்ல காரியம். ஆனால் சேனல் 16-இல் ஒருவன் பொய்ப் பெயர் சொன்னால் எங்களுக்குக் குரலை வைத்துத் தெரியும். இதில் எப்படித் தெரியும்?

8.44 கார்த்தி: தெரியாது பெரியப்பா. இதில் நம்பிக்கைதான் கணக்கு. நம் வைஃபைக்குள் இருக்கிற யாரும் "தண்ணி நான்தான்" என்று சொல்லலாம். அதனால் வீட்டு பாஸ்வேர்டை வெளியாட்களுக்குக் கொடுக்காதீர்கள். வருகிறவர்களுக்கு கெஸ்ட் வைஃபை என்று தனியாக வைத்திருக்கிறேன், அதைக் கொடுங்கள்.

10.35 கார்த்தி: இரண்டு போர்டுக்கும் புதுப் பெயர் ஏற்றிவிட்டேன். இனி டேங்க்.லோக்கல், சம்ப்.லோக்கல். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு போட்டு அடியுங்கள். வெறும் பெயரை மட்டும் அடித்தால் சில சமயம் பிரவுசர் அதைத் தேடக் கிளம்பிவிடும். ஒரு தடவை திறந்ததும் சேமித்து வையுங்கள். பழைய தண்ணி.லோக்கல் இன்னும் இரண்டு நிமிஷம் சிலர் போனில் திறக்கலாம். கேட்ட பதிலை 120 நொடி ஞாபகம் வைத்திருக்கும், அப்புறம் மறந்துவிடும்.

10.37 ரேவதி அக்கா: எங்கள் மாடியில் இரண்டுமே வந்துவிட்டன. பிரிண்டரும் தெரிகிறது!

10.38 அம்மா: எனக்கு இன்னும் வரவில்லை.

10.41 கார்த்தி: அம்மா, உன் போன் பழைய ஆண்ட்ராய்டு. அதன் பிரவுசருக்கு டாட் லோக்கல் என்றால் என்னவென்று தெரியாது. உனக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்கிறேன். இந்த இரண்டு போர்டுக்கும் எப்போதும் அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும் என்று ரூட்டரில் எழுதி வைக்கிறேன். டேங்க்குக்கு 192.168.1.50, சம்ப்புக்கு 51. உன் போனில் இரண்டையும் பெயர் போட்டுச் சேமித்துத் தருகிறேன். அடுப்படி வேலை முடிந்ததும் போனைக் கொடு.

10.52 கார்த்தி: பெரியப்பா, ஒரு உதவி. கீழே மெயின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ராத்திரி நடந்தது மாதிரி இரண்டும் சேர்ந்து எழட்டும், பெயர் நிற்கிறதா பார்ப்போம்.

10.53 ரேவதி அக்கா: இருங்கள், பாப்பாவின் யூனிஃபார்முக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிஷம்.

10.56 ரேவதி அக்கா: முடிந்தது. அணைக்கலாம்.

10.57 பெரியப்பா: அணைத்துவிட்டேன்.

10.58 பெரியப்பா: போட்டாயிற்று.

11.02 பெரியம்மா: சம்ப் 17. டேங்க் 96. மேலேயும் அப்படியே எழுதியிருக்கிறது, பெரிய எழுத்தில்.

11.03 ரேவதி அக்கா: மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். டேங்க் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. சரியாகத்தான் காட்டுகிறது.

11.10 அம்மா: எனக்கும் வந்துவிட்டது. 96.