எஸ்எம்ஜி 2: பல்சக்கர விளக்கு எரிந்தால் கியர்பாக்ஸையே மாற்றணுமா?

மூன்றாம்கியர்:

வணக்கம். வண்டி பிஎம்டபிள்யூ எம்3, ஈ46 பாடி, 2004 மாடல், எஸ்எம்ஜி 2 (கிளட்ச் பெடல் இல்லாத கியர் அமைப்பு). கைமாறி வந்தது, ஓட்டம் 1,28,000 கி.மீ.

காலையில் எடுத்தால் ஒரு குறையும் இல்லை. நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் பல்சக்கர விளக்கு எரிகிறது, வண்டி நியூட்ரலுக்குப் போய் அங்கேயே நிற்கிறது. லீவரைத் தட்டினாலும் ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் பேடிலை இழுத்தாலும் கியர் விழுவதில்லை. அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. இன்னொன்று: இன்ஜின் பக்கமிருந்து குட்டி மோட்டார் ஓடுகிற ரீங்காரம் அடிக்கடி கேட்கிறது, ஏறக்குறைய ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும்.

பார்த்த பட்டறையில், கியர்பாக்ஸ் அசெம்ப்ளியோடு ஹைட்ராலிக் யூனிட்டையும் சேர்த்து மாற்றினால்தான் ஆகும் என்கிறார்கள். சொன்ன தொகை வண்டி வாங்கிய விலையில் பாதி. உண்மையிலேயே பாக்ஸ் போயிருக்குமா? எதை முதலில் பார்க்கணும்?

ஸ்பேனர்17:

பாக்ஸைத் தொட விடாதீர்கள். அடையாளங்களைப் பார்த்தால் பாக்ஸுக்குள் ஒரு பல்லும் உடையவில்லை.

எஸ்எம்ஜி 2 என்பது ஆட்டோமேட்டிக் கிடையாது, இரட்டைக் கிளட்ச்சும் கிடையாது. உள்ளே இருப்பது கையால் போடும் எம்3-யில் வருகிற அதே கெட்ராக் 6 ஸ்பீட் பாக்ஸ்தான். ஒரே உலர் கிளட்ச். உங்கள் இடது காலும் வலது கையும் செய்கிற வேலையை ஹைட்ராலிக் அழுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தம் தயாராகும் இடத்தில் மூன்று பொருள்கள்: பம்ப்பைச் சுற்றும் மின் மோட்டார், அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் அக்குமுலேட்டர், மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் ரிலே. பல்சக்கர விளக்கு எரிந்தால் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசணும்.

உங்கள் வண்டியில் கதை அக்குமுலேட்டரில் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் திரவம், நடுவே சவ்வு. நல்ல நிலையில் பம்ப் ஒருமுறை ஓடிச் சேர்த்த அழுத்தம் பல கியர் மாற்றங்களுக்குத் தாங்கும். வருஷக்கணக்கில் வாயு கசிந்து குறைந்தால் சேமிப்பே இல்லாமல் போகும்: ஒரு கியர் மாறினால் அழுத்தம் விழும், பம்ப் ஓடும், அடுத்த கியருக்கு மறுபடி ஓடும். நீங்கள் கேட்கிற ரீங்காரம் அதுதான். தொடர்ந்து இப்படி ஓடினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும், ரிலே தகடு கருகும், எல்லாம் சூடேறும். சூட்டில் மோட்டார் சுற்றாவிட்டால் அழுத்தம் வராது. கன்ட்ரோல் யூனிட் பாதுகாப்புக்காக நியூட்ரலில் நிறுத்திவிடும். ஆறினால் பிரஷ் மறுபடி ஒட்டும். "சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

வீட்டு வாசலிலேயே மூன்று சோதனை செய்யலாம்.

முதலாவது, இரவு முழுக்க நின்ற வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்து காது கொடுங்கள். கதவு திறந்ததுமே பம்ப் சில விநாடி ஓடி அழுத்தம் ஏற்றணும். சத்தமே இல்லையென்றால் ரிலே, வயரிங், மோட்டார், கதவு சுவிட்ச், இவற்றில் ஒன்று.

இரண்டாவது, சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கும் 1-க்கும் மாறி மாறிப் போடுங்கள். இன்ஜின் சத்தம் இல்லாததால் பம்ப் எப்போது ஓடுகிறது என்று துல்லியமாக எண்ணலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடினால் அக்குமுலேட்டர் செத்துவிட்டது.

மூன்றாவது, கோளாறு வந்து நிற்கும் நேரத்தில் மோட்டார் உடம்பில் நீளமான கட்டையால் லேசாகத் தட்டச் சொல்லிவிட்டுக் கதவைத் திறங்கள். தட்டியதும் ஓடினால் பிரஷ் தேய்ந்தது உறுதி. ஆனால் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பெட்டி) அடியில் ஒளிந்திருக்கிறது, எட்டுவது கஷ்டம். சூடான இன்ஜினில் கையை விட்டுச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

வயர்மேன்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா மோட்டாரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ரிலேயை அளந்துடுங்க. கன்ட்ரோல் யூனிட் இருக்கிற கறுப்புப் பெட்டிக்குள்ள, இளஞ்சிவப்பு நிறத்துல இருக்கும். இந்த வண்டிக்காரங்க எல்லாரும் அதை "சால்மன் ரிலே"ன்னே சொல்லுவாங்க. மொத்த அமைப்புலயே மலிவான பொருள், அதனாலயே யாரும் பார்க்கறதில்லை.

கழட்டிக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்க்கறது, டிக் சத்தம் வருதான்னு பார்க்கறது, இதெல்லாம் சோதனை இல்லை. டிக்குன்னு அடிச்சும் உள்ள தகடு கருகி இருக்கலாம். செய்ய வேண்டியது இது: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைங்க. ரிலே சாக்கெட்டில் இருக்கும்போதே 30-ன்னு எண் போட்ட முனையில் ஒரு ஊசி, 87-ன்னு போட்ட முனையில் இன்னொண்ணு. ஒருத்தர் கதவைத் திறக்கட்டும். பம்ப் ஓடும்போது மீட்டர் காட்டறதுதான் ரிலேக்குள்ள வீணாகிற வோல்ட். 0.2-க்குள்ள இருந்தா நல்லது. 0.5-ஐத் தாண்டினா தூக்கிப் போடுங்க. பிளந்து உப்புத்தாள் தேய்ச்சுப் போடுறவங்க இருக்காங்க; சில வாரம் ஓடும், அப்புறம் நடு ரோட்டில் நிக்கும்.

அதே மாதிரி மோட்டார் எர்த். மோட்டார் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல, ஓடும்போது அளங்க. இங்கயும் 0.2-தான் கணக்கு.

பேட்டரியை மறந்துடாதீங்க. ராத்திரி நின்ன பிறகு 12.6 வோல்ட் இருக்கணும், இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8-லிருந்து 14.4. நலிஞ்ச பேட்டரியில எஸ்எம்ஜி என்னென்ன எரர் கோடு போடும்னு சொல்லி மாளாது. பிரேக் லைட் சுவிட்ச்சும் அப்படித்தான்: பிரேக் மிதிச்ச சிக்னல் யூனிட்டுக்குப் போகலைன்னா நியூட்ரல்ல இருந்து கியர் எடுக்காது. பின்னாடி விளக்கு எரியுதுன்னு மட்டும் பார்க்காம, ஸ்கேனர்ல (வண்டி கன்ட்ரோல் யூனிட்டைப் படிக்கிற கருவி) சிக்னல் மாறுதான்னு பாருங்க.

பெடல்பக்தன்:

ஒரே வழி: எல்லாத்தையும் பிடுங்கிட்டு மூணு பெடல் வண்டியா மாத்திடுங்க. பம்ப் இல்லை, அக்குமுலேட்டர் இல்லை, கவலையும் இல்லை.

எண்ணெய்க்கறை:

பெடல்பக்தன் சொல்வதில் ஆசை தெரிகிறது, வேலைப் பட்டியல் தெரியவில்லை. மாற்றம் நல்லதுதான், நிறைய பேர் செய்கிறார்கள். ஆனால் ஒரு அக்குமுலேட்டருக்குப் பயந்து அதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது.

என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெடல் அமைப்பு முழுதும், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், குழாய், கையால் போடும் வண்டியின் ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்), கியர் லீவரும் இணைப்புத் தண்டுகளும். பழைய ஸ்லேவை வைத்துச் சமாளிக்க முடியாது: எஸ்எம்ஜி ஓடுவது பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் திரவத்தில், பெடல் கிளட்ச் ஓடுவது டாட் 4 பிரேக் திரவத்தில். ஒன்றின் ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது, ஊதிப்போய்க் கசியும். இருக்கிற பாக்ஸையே வைத்துக்கொள்வதானால் செலக்டர் பக்கத்து உதிரிகளை மாற்றணும், இல்லையென்றால் லீவர் கஞ்சிக்குள் கரண்டி விட்டதுபோல் ஆடும். அதற்கு மேல் ரிவர்ஸ் விளக்கு, கிளட்ச் சுவிட்ச், ஸ்டார்ட்டர் சிக்னல் ஆகியவற்றுக்கு வயரிங், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்கு மேனுவல் கோடிங். கோடிங்கை அரைகுறையாக விட்ட வண்டிகள் விளக்கு எரிந்துகொண்டே சந்தைக்கு வருகின்றன.

மூன்றாம்கியர், பாக்ஸ் உண்மையாகவே போயிருந்தால் எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளைச் சத்தம், ஒரு கியருக்குள் போகும்போது மட்டும் பல் உரசல், ஓடும்போது ஒரு கியர் மட்டும் தானாக வெளியே வருவது: இவைதான் உள்காயம். சூடு ஆறினால் சரியாகும் குணம் இவற்றுக்குக் கிடையாது.

சந்தேகம் தீர ஆயிலை வடித்துப் பாருங்கள். வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, முதலில் நிரப்பும் போல்ட்டைத் திறங்கள், அது திறந்த பிறகே வடிக்கும் போல்ட். முறை மாறி, நிரப்பும் போல்ட் இறுகிப்போய் வராவிட்டால் ஆயில் இல்லாத பாக்ஸோடு மாட்டிக்கொள்வீர்கள். வந்த ஆயிலை வெள்ளைத் துணியில் தேயுங்கள். விரலில் மைபோல ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பானது. நகத்தால் எடுக்கக்கூடிய செதில், ஊசி மாதிரித் துண்டு, பித்தளை மினுமினுப்பு அதிகம் என்றால்தான் பாக்ஸைப் பற்றிப் பேசலாம். புது ஆயில் நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றினால் போதும். இது கியர் ஆயில், பச்சை பென்டோசின் அல்ல. இரண்டும் தனித்தனி உலகம், சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிளட்ச் தேய்மானமும் தனிக் கணக்கு. 5-ஆம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் வழுக்குகிறது. நெரிசலில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே ஊர்ந்தால் பிளேட் சீக்கிரம் போகும். சும்மா நிற்கும்போது நியூட்ரலில் போடுங்கள்.

மூன்றாம்கியர்:

எல்லாருக்கும் நன்றி. சோதித்தவை: பேட்டரி 12.6. நியூட்ரல்-1 மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடுகிறது. ரிலே முனைகளுக்கு இடையே 0.9 வோல்ட், எர்த் பக்கம் 0.1. ஆயிலில் சாம்பல் பசை மட்டும், துண்டு எதுவும் இல்லை. ஸ்கேனரில் அழுத்தம் சார்ந்த கோடுகள், கூடவே கிளட்ச் பயண சென்சாருக்கு ஒரு பழைய கோடு. ரிலேயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாமா?

ஸ்பேனர்17:

ஓட்டலாம், புது ரிலேயும் அதே வழியில் கருகும். ரிலே அடிபட்ட ஆள், அடித்தவர் அக்குமுலேட்டர். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மோட்டார் 1,28,000 கி.மீ. ஓடியது, கடைசிக் காலத்தில் மூன்று மடங்கு உழைத்தது. எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் போகிறீர்கள் என்பதால் அதையும் இப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம். மோட்டார் தனியாகக் கிடைக்கும், முழு ஹைட்ராலிக் யூனிட் வாங்கத் தேவையில்லை. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய யூனிட்டை மலிவாகத் தருகிறோம் என்பார்கள். அதன் பிரஷுக்கும் அக்குமுலேட்டருக்கும் உங்களுடையதன் வயதுதான்.

வேலை ஒழுங்கு இப்படி:

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்கேனர் மூலம் அழுத்தத்தை இறக்குங்கள். இதைத் தவறவிடாதீர்கள்: அழுத்தத்தோடு இருக்கும் குழாயைத் தளர்த்தினால் திரவம் ஊசியாகப் பாயும், கண் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பம்ப் ரிலேயை எடுத்து வெளியே வையுங்கள். யாராவது கதவைத் திறந்து பம்ப்பை ஓடவைக்கக் கூடாது.

ஏர் பாக்ஸைக் கழற்றுங்கள், அப்புறம் இன்டேக் பெட்டி (மேனிஃபோல்டு). இந்த இன்ஜினுக்கு சிலிண்டருக்கு ஒன்றாக 6 திராட்டில் (காற்று வால்வு). பெட்டி வெளியே வந்ததும் 6 வாய்களும் மேல்நோக்கித் திறந்து கிடக்கும். சுத்தமான துணியைச் சுருட்டி ஒவ்வொன்றிலும் அடைத்து, மேலே டேப் ஒட்டுங்கள். எண்ணி அடையுங்கள், எடுக்கும்போதும் எண்ணி எடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அதன் பிறகு பேச்சு இன்ஜின் செலவைப் பற்றியதாக இருக்கும்.

அடியில் ஹைட்ராலிக் யூனிட் தெரியும். சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைத்துவிடுங்கள், திறந்த துளைக்குள் ஒரு மணல் போனாலும் வால்வு சிக்கும். குழாய்களைப் போட்டோ எடுத்துவைத்துவிட்டுக் கழற்றுங்கள். சீல்கள் எல்லாம் புதிது. இணைப்பியில் எண்ணெய் ஊறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள்.

திரும்பப் பூட்டியதும் சிஎச்எஃப் 11எஸ் மட்டும். வண்டியில் இருக்கும் திரவ டப்பாவில் அளவு பார்க்கும்போது கவனம்: அழுத்தம் ஏறியிருந்தால் திரவத்தில் ஒரு பங்கு அக்குமுலேட்டருக்குள் போயிருக்கும், டப்பாவில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஊற்றினால் அழுத்தம் இறங்கும்போது பொங்கி வழியும்.

பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிய நிலையில், ஸ்கேனர் மூலம் முதலில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, பிறகு கிளட்ச் பிடிக்கும் புள்ளி, கியர் நிலைகள் என்று கன்ட்ரோல் யூனிட்டுக்கு வரிசையாகக் கற்பியுங்கள். நடுவில் வோல்ட் விழுந்தால் பாதியில் நின்று புதுக் கோடு போடும், உடனே "யூனிட் போச்சு" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள்.

கிளட்ச் பயண சென்சார் கோடை அழித்துவிட்டு 200 கி.மீ. ஓட்டுங்கள். திரும்பி வந்தால் முதலில் ஸ்லேவ் சிலிண்டர் பக்கத்து இணைப்பியைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் வந்தால்தான் சென்சார்.

எண்ணெய்க்கறை:

ஒரு வார்த்தை கூடுதலாக. வண்டி லிஃப்டில் ஏறும் நாளிலேயே பின் ஆக்சில் பொருத்தியிருக்கும் தரைத் தகடுகளை விளக்கு அடித்துப் பாருங்கள். ஈ46-இல் அங்கே வெல்டிங் ஓரம் விரிசல் விடும் பழக்கம் உண்டு. அது பெரிதாக இருந்தால் பணத்தை முதலில் அங்கே போடணும்.

வயர்மேன்:

உதிரி வர்றதுக்குள்ள நடுவழியில நின்னா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க. அழுத்தம் இல்லைன்னா கிளட்ச் மூடியே இருக்கும். கியர்ல மாட்டி நின்னா பின் சக்கரம் உருளாது. பின் சக்கரம் ரெண்டையும் தூக்கி வைக்கிற வண்டி, இல்லைன்னா ஃப்ளாட்பெட் வேணும்னு போன்லயே சொல்லிடுங்க.