எஃப்ஜிடி போட்டா கார்பன் கூடுமாமே, புகையையும் கார்பனையும் சேத்து குறைக்க வழியே இல்லையா?

கத்திவாக்கம்வாசி:
எங்க வீடு எண்ணூர் பக்கம். மொட்டை மாடில துணி காயப்போடறதுக்கு முன்னாடி கொடிய துடைக்கணும், துடைச்ச துணி சாம்பல் கலர்ல வரும். பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்த 2017 மார்ச்ல மூடினாங்க, அப்பாடான்னு இருந்தோம், 2024ல வடசென்னை அனல்மின் நிலையத்தோட மூணாவது நிலை 800 மெகாவாட் வந்து நிக்குது. நிலக்கரி நிலையத்துல கந்தகப் புகைய புடிக்கற எஃப்ஜிடி கருவி போடணும்னு 2015ல ரூல் வந்துச்சு, தள்ளித் தள்ளி 2025 ஜூலைல முக்காவாசி யூனிட்டுக்கு கட்டாயமில்லன்னுட்டாங்க. எஃப்ஜிடி போட்டா கார்பன் கூடும்னு அதுக்கு ஒரு காரணம் வேற. நெசமா? அப்புறம் சிட்டிக்குள்ள எலக்ட்ரிக் பஸ், புகையே இல்லன்றாங்க, அதுக்கு கரன்ட் எங்க தலைக்கு மேல எரியற நிலக்கரி தானே?

பாய்லர்மாமா:
நெசம் தான் தம்பி, ஆனா எவ்ளோன்னு பாக்கணும். சுண்ணாம்புக்கல் கரைசல தெளிப்பாங்க, கந்தக டை ஆக்சைடு அதுல மாட்டி ஜிப்சமா மாறும், கல்லுல இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிரும். 64 கிலோ கந்தக டை ஆக்சைடு புடிச்சா இது 44 கிலோ. பம்பு, ஃபேன் ஓட கொஞ்சம் கரன்ட்டும் தின்னும். ஆனா நம்மூர் நிலக்கரில கந்தகமே கம்மி, அதனால எல்லாம் சேத்தாலும் நிலையம் விடற கார்பன்ல ஒண்ணு ரெண்டு சதவீதம் கூடினா பெருசு. இதுக்கு பயந்து கந்தகத்த அப்படியே விட்டா அது காத்துல அமோனியாவோட சேந்து பிஎம் 2.5ங்கற நுண்துகளாகி எங்கயோ இருக்கறவன் நுரையீரலுக்கு போகுது, இதெல்லாம் ஒரு காரணமா. 10 லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊருக்கு 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கற நிலையம் 2027 டிசம்பருக்குள்ள போட்டே ஆகணும், உங்க ஏரியாக்காரங்க அத புடிச்சுக்கங்க. ஆனா உங்க கொடில படியற சாம்பலுக்கும் எஃப்ஜிடிக்கும் சம்பந்தமில்ல, அது புகைபோக்கில சாம்பல புடிக்கற ஈஎஸ்பி கருவி, சாம்பல் குட்டை சமாச்சாரம், ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

பஸ்பிரியன்:
பஸ் பத்தி நான் சொல்றேன். 2025 ஜூன் 30 வியாசர்பாடி டெப்போல 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க. பழைய டீசல் பஸ் பின்னாடி பைக்ல நின்னவனுக்கு தெரியும், சிக்னல் விழுந்து கெளம்பும்போது மூஞ்சில அடிக்குமே அந்த கரி, அது நுரையீரலுக்கும் கேடு, பூமி சூடாகறதுக்கும் காரணம், அது போனா ரெண்டு பக்கமும் லாபம். ஆனா கத்திவாக்கம் ப்ரோ சொல்றதுலயும் பாயின்ட் இருக்கு, ராத்திரி பூரா நிலக்கரி கரன்ட்ல சார்ஜ் போட்டா கார்பன்ல பெருசா ஒண்ணும் மிச்சமாகாது, புகை எண்ணூருக்கு எடம் மாறும் அவ்ளோதான். மத்தியானம் கூட்டம் கம்மி, அப்பதான் சோலார் கரன்ட்டும் நெறைய வருது, பாதி வண்டியயாவது அந்த நேரத்துல டெப்போவுக்கு கூப்ட்டு சார்ஜ் போடலாம். காத்தாலையே 10,000 மெகாவாட்டுக்கு மேல வெச்சிருக்கற ஸ்டேட் இது, சார்ஜிங் டைம் யாரு முடிவு பண்றாங்கன்னே புரியல.

வடக்கேபோனவன்:
பெய்ஜிங்ல கொஞ்ச காலம் வேல பாத்தேன். 2013ல அங்க பிஎம் 2.5 வருஷ சராசரி 89.5 மைக்ரோகிராம், 2022ல 30. சிட்டிக்குள்ள இருந்த கடைசி நிலக்கரி மின்நிலையத்த 2017ல நிறுத்தினாங்க. சூப்பர் தான், ஆனா அதுக்கு முன்னாடியே ஷோகாங் ஸ்டீல் ஆலைய ஹெபெய் கடற்கரைக்கு அனுப்பிட்டாங்க, வானம் நீலமாச்சு, ஸ்டீலோட கார்பனுக்கு அட்ரஸ் தான் மாறுச்சு. 2017 குளிர்காலத்துல சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் நிலக்கரி அடுப்ப புடுங்கிட்டாங்க, கேஸ் பத்தல, ஹெபெய்ல ஒரு இடத்துல ஸ்கூல் பசங்க ஹீட்டர் இல்லாம வெளிய வெயில்ல பெஞ்சு போட்டு படிச்சாங்க, நியூஸ்லயே வந்துச்சு. நம்மளும் சென்னை மாநகராட்சி எல்லைய மட்டும் வெச்சு கணக்கு போட்டா அனல்மின் நிலையம் இருக்கற அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கமெல்லாம் திருவள்ளூர் கணக்குல போயிரும்.

கத்திவாக்கம்வாசி:
மாமா, ஈஎஸ்பி விஷயம் புதுசு, நன்றி. 2019ல வந்த தேசிய தூய காற்றுத் திட்டத்துல நம்ம சிட்டியும் இருக்கே, அதுல இதெல்லாம் வராதா?

பாய்லர்மாமா:
அதுல மார்க் போடறது பிஎம் 10ங்கற கொஞ்சம் பெரிய தூசிக்கு. நாடு பூரா செலவான காசுல பாதிக்கு மேல ரோட்டு தூசிக்கே போச்சு, கூட்டற மெஷினு, தண்ணி அடிக்கற லாரி. தூசி கூட்டினா கார்பன் ஒரு கிராம் குறையாது, மெஷினு டீசல் வேற குடிக்கும். அந்த காச மக்கற குப்பைய பிரிக்கறதுல போட்டிருந்தா கொடுங்கையூர் குப்பை மேட்டுல மீத்தேனும் கம்மி, தீப்புடிச்சு வர்ற புகையும் கம்மி. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பை மேடு நாள்கணக்கா எரிஞ்சதே, மறந்துட்டாங்களா.