சயாம் மரண ரயில் படம்: எந்த இடம் என்று உறுதிசெய்வது எப்படி?

கிந்தா:
வணக்கம். பழைய படங்கள் விற்கும் கடையில் கிடைத்த கறுப்பு வெள்ளை அச்சு ஒன்று கையில் இருக்கிறது. சயாம் மரண ரயில், அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை, அதன் படம் என்று நினைக்கிறேன். அளவு 6 × 9 செ.மீ. பின்னால் பென்சிலில் ஆங்கிலத்தில் 'க்வாய் பாலம், கைதிகள், 1943' என்று எழுதியிருக்கிறது. ஆனால் படத்தில் இரும்புப் பாலம் இல்லை. மரக்கால்கள் மேல் தண்டவாளம் போகிறது. இடப்பக்கம் செங்குத்துப் பாறை, வலப்பக்கம் கீழே ஆறு, அதன் ஓரத்தில் மணல்திட்டு. கோவணம் கட்டிய ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டை தூக்குகிறார்கள். பக்கத்தில் வாளோடு ஒரு ஜப்பானிய அதிகாரி. மூலையில் தலையில் கூடை சுமந்த இரண்டு பெண்கள். கண்காட்சிக்கு வைக்க வேண்டும். இது எந்த இடம், எந்த ஆண்டு?

தண்டவாளம்:
பென்சில் குறிப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள். 'க்வாய் பாலம்' என்று எல்லோரும் சொல்வது தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகே உள்ள தாமர்க்கான் பாலத்தை. அது நிற்கும் ஆற்றுக்குப் போர்க்காலத்தில் மே க்லோங் என்று பெயர். 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' என்ற ஹாலிவுட் திரைப்படத்துக்குப் பிறகுதான் 'க்வாய் பாலம்' உலகப் புகழ் பெற்றது, 1960-களில் ஆற்றின் பெயரையே க்வே யாய் என்று மாற்றினார்கள். அதனால் அந்தக் குறிப்பைப் பின்னாளில் யாரோ எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தத் திரைப்படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலையில். அதன் காட்சிகளே போர்க்காலப் படங்கள் என்ற பெயரில் இணையத்தில் சுற்றுகின்றன, அதையும் கவனத்தில் வையுங்கள்.

உண்மையான தாமர்க்கான் பாலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த 11 வளைவு இரும்புக் கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) இருந்தன. 1945 குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் நேர்கோட்டு வடிவில் இரண்டு கண்கள் வைத்தார்கள். அருகில் இருந்த மரப்பாலமும் ஆற்றைக் குறுக்கே கடந்ததுதான். உங்கள் படத்திலோ தண்டவாளம் ஆற்றை ஒட்டி, பாறையை அணைத்துப் போகிறது. எனவே இரண்டும் இல்லை.

தாய்லாந்தின் நொங் ப்லாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கி.மீ. பாதையில் பாறை, ஆறு, மரக்கால் மூன்றும் இப்படி ஒட்டி வரும் பெயர்பெற்ற இடம் வாம்போ, இன்றைய தாம் க்ராசே. இதே பாதையில் ஹின்டோக்கிலும் பெரிய மரப்பாலங்கள் இருந்தன, ஆனால் அவை மலைச்சரிவின் ஓடைகளைக் கடந்தவை, ஆறு வெகு கீழே கிடக்கும். இன்னும் வடக்கே போனால் பாதையின் ஒரு பகுதி 1980-களில் கட்டிய காவோ லேம் அணை நீரில் மூழ்கிவிட்டது, நேரில் ஒப்பிடவே முடியாது. ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட இன்னொரு பாதையான சுமத்ராவின் பெக்கான்பாருவோ பெரும்பாலும் சதுப்பும் காடும்.

பழம்படம்:
இடத்தைத் தேடுமுன் அச்சைச் சோதியுங்கள். 6 × 9 என்றால் நெகட்டிவை நேராகத் தாளில் வைத்து எடுத்த அச்சாக இருக்கலாம், அதில் நுணுக்கம் நிறைய இருக்கும். 1200 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 1200 புள்ளி) குறையாமல், 16 பிட் சாம்பல் நிறத்தில், டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். தானியங்கிக் கூர்மையாக்கத்தை அணைத்துவிடுங்கள், அது பாறை விளிம்பில் இல்லாத கோடுகளை உண்டாக்கும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எழுத்தின் பள்ளம்கூடத் தெரியும்.

இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்புச் சேர்மம் இருக்கிறது. 1950-களிலிருந்துதான் அப்படிப்பட்ட தாள் வந்தது, ஆகவே அது மறு அச்சு. ஒளிராவிட்டால் பழைய தாளாக இருக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, இடவலம். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும், சற்று மங்கலாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் ஆறு வலப்பக்கமா இடப்பக்கமா என்று தேடினால் சரியான இடமே கண்ணில் பட்டாலும் கடந்து போய்விடுவோம். ஜப்பானிய அதிகாரி வாளை இடது இடுப்பில்தான் தொங்கவிடுவார். உங்கள் படத்தில் எந்தப் பக்கம்?

கிந்தா:
வலது இடுப்பில்! தாள் ஒளிரவில்லை.

தண்டவாளம்:
அப்படியானால் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். இனிப் பாறை வலப்பக்கம், ஆறு இடப்பக்கம். காஞ்சனபுரியிலிருந்து வடக்கே நாம் தோக் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் தாம் க்ராசேயைக் கடக்கும்போது பார்ப்பதும் இதேதான், அந்த வண்டியில் ஆற்றைப் பார்க்க இடப்பக்கம் உட்காரச் சொல்வார்கள். ஆகவே கேமரா நாம் தோக் திசையைப் பார்த்திருக்கிறது என்று வைத்துத் தொடங்கலாம்.

பாதை இன்றும் ஓடுவதால் பயணிகள் எடுத்த படங்கள் ஏராளம். மரங்களையும் பாலத்தின் மரக்கட்டைகளையும் ஒப்பிடாதீர்கள். கட்டைகள் பலமுறை மாற்றப்பட்டவை. பாறையின் மேல்விளிம்பு, நீள வெடிப்புகள், குகை வாய், ஆற்றுக்கு அப்பால் உள்ள மலைகளின் முகடு ஆகியவற்றில் ஐந்தாறு புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ள பாறை மூக்கும் தூரத்து முகடும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இடம் மட்டுமல்ல, கேமரா நின்ற புள்ளியே கிடைத்துவிடும். பாறை விளிம்பு மட்டும் 'ஏறக்குறைய' பொருந்துகிறது என்பது போதாது, சுண்ணாம்புப் பாறைகள் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும்.

உயரம் கணக்கிடத் தண்டவாள இடைவெளி உதவும், அது 1000 மி.மீ. ஆனால் அளக்கும் மரக்கால் அதே தூரத்தில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மேக்லோங்:
ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மணல்திட்டு தெரிகிறது என்றால் கோடை நீர்மட்டம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், அப்போது வாம்போவை ஒட்டிய க்வே நொய் ஆறு கரையைத் தொட்டு ஓடும். வாம்போ மரப்பாலம் கட்டப்பட்டது 1943 மார்ச், ஏப்ரலில். ஆகவே 1943 என்பது சாத்தியம்தான். ஆனால் அந்தப் பெண்கள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. நேச நாட்டுக் கைதி முகாம்களில் பெண்கள் கிடையாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், சிலர் குடும்பத்தோடு, பெருந்தொகையாகக் கொண்டுபோகப்பட்டது 1943 ஏப்ரலுக்குப் பின்தான். பாதை இணைந்தது அக்டோபர் 17-இல். அதன் பிறகு பழுதுபார்ப்பு வேலைக்குக் கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்திருந்தார்கள், குண்டுவீச்சால் அந்த வேலை கூடிக்கொண்டே போனது. கட்டை தூக்கும் காட்சி 1944 அல்லது 1945 கோடைக்கே அதிகம் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆற்றோரம் தாய்லாந்துப் பெண்களும் பொருள் விற்றார்கள். பெரிதாக்கிப் புடவைத் தலைப்பு தோளில் விழுகிறதா, இடுப்பில் குழல்போன்ற கைலி மட்டுமா என்று பாருங்கள். ஆண்களின் உடையை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடைசிக் காலத்தில் வெள்ளையரும் தமிழரும் ஒரே கோவணத்தில்தான் இருந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களுக்குக் கைதிகளைப்போல் பெயர்ப் பதிவேடு இல்லை, தனித்தனிக் கல்லறைகளும் இல்லை. இறந்தவர்களோ பல்லாயிரம். 1944-இல் ஜப்பானியர் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத்தூணில் மற்ற மொழிகளோடு தமிழிலும் பொறிப்பு உண்டு. அதனால் குறிப்பில் 'கைதிகள்' என்று மட்டும் எழுதி அவர்களை மறுபடி மறைத்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழம்படம்:
புள்ளிகள் பொருந்தினால் குறிப்பு இப்படி இருக்கட்டும்: 'சயாம்–பர்மா ரயில் பாதை, வாம்போ மரப்பாலம். கோடைக்காலம், 1944 அல்லது 1945 ஆக இருக்கலாம். பாலத்தில் வேலை செய்வோர். பெண்கள் ஆசியத் தொழிலாளர்களாக இருக்கலாம். மூல அச்சு இடவலம் மாறியது, இங்கே திருத்தப்பட்டுள்ளது.' திருத்தாத ஸ்கேனையும் பென்சில் குறிப்பையும் அழிக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். காஞ்சனபுரியில் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் இருக்கிறது, இரண்டு கோப்புகளையும் அவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.