அம்மை இறங்கியது மஞ்சளாலா, புட்டி மருந்தாலா?

மேட்டாங்காட்டு மருமகள் கேட்டது:

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை, அதனடியில் நாட்டுக்கோழி. ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு கோழிகளுக்கு அம்மை போட்டது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மிளகளவு கொப்புளம், பிறகு கறுத்த பொருக்கு. மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். கொழுந்தனார் சந்தையில் ஒரு புட்டி மருந்து வாங்கி வந்து குடிதண்ணீரில் கலந்து வைத்தார். ஒரு மாதம் போவதற்குள் பொருக்கு உதிர்ந்து கோழிகள் தெளிந்துவிட்டன. வீட்டில் இப்போது இரண்டு கட்சி. புட்டியின் விலை மாமியாருக்குத் தெரியாது. அவர் பேரன் இந்தப் பக்கத்தைப் படிப்பான் என்பதால் இங்கேயும் எழுதவில்லை.

அதே சமயம் என் மகளுக்குக் காதுவலி. மருத்துவர் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, "இரண்டு நாளில் குறையாவிட்டால் அழைத்து வாருங்கள், ஆன்டிபயாடிக் பற்றி அப்போது யோசிக்கலாம்" என்றார். அன்றிரவு மாமியார் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டார். மறுநாள் வலி இல்லை. அந்த வெற்றியும் மஞ்சள் கட்சியின் கணக்கில் ஏறிவிட்டது.

யார் ஜெயித்தார் என்பது எனக்குத் தேவையில்லை. அடுத்த மழைக்கு எதற்குக் காசு எடுத்து வைப்பது? மருந்து வேலை செய்தது என்று எதை வைத்துச் சொல்வது?

பழைய ஊசிக்காரர்:

அம்மணி, நான் கால்நடைத் துறையில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவன். கோழி அம்மை ஒரு வைரஸ் நோய். மழைக்குப் பின் கொசு பெருகும்போது பரவும். தோலில் மட்டும் வருகிற அம்மை மூன்று நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். ஆகவே இரண்டாம் வாரத்தில் நீங்கள் எதைக் கொடுத்தாலும் நான்காம் வாரத்தில் அது ஜெயிக்கும். வெறும் தண்ணீரும் ஜெயிக்கும். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் சந்தையில் இல்லை.

கோழி சாவது வேறு வழிகளில். கண் ஒட்டிப்போய்த் தீவனம் தெரியாமல் மெலிந்து சாகும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் கட்டினால் மூச்சு முட்டிச் சாகும். புண்ணில் சீழ் வைத்தும் சாகும். மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் இவற்றை எண்ணுங்கள். "பொருக்கு உதிர்ந்ததா" என்று கேட்டால் எல்லா மருந்தும் தேர்ச்சி பெறும்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனியாகப் பூசுவது. ஒரே வயதுக் கோழிகளில் பாதிக்குப் பூசி, பாதியை விட்டு, ஒப்பிட முடியும். புட்டி மருந்து தண்ணீரில் போவதால் கொட்டகை முழுவதும் குடிக்கும். அங்கே நூறு கோழி இருந்தாலும் சோதனை ஒன்றுதான், ஏனென்றால் அந்தக் கொட்டகையில் கொசு குறைவாக இருந்திருக்கலாம், காற்றோட்டம் நன்றாக இருந்திருக்கலாம். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, சிலர் கொடுத்து, சிலர் கொடுக்காமல் பார்த்தால்தான் புட்டியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

காசு எடுத்து வைப்பது தடுப்பூசிக்கு இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். அது வேலை செய்ததா என்பது ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்கே தெரியும். குத்திய இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி பிடிக்கவில்லை, அல்லது அந்தக் கோழிக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறது.

கட்டுத்தரைச் சேவல்:

எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். போன கோடையில் என் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. இதே மாதிரிப் புட்டிதான் வாங்கிக் கொடுத்தேன். குடித்த கோழி எல்லாம் பிழைத்தது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

பழைய ஊசிக்காரர்:

தம்பி, குடித்தவை எவை? கழிச்சல் கண்ட கோழி தலையைத் தொங்கப் போட்டு ஓரமாக நிற்கும், தண்ணீர்த் தட்டுக்கே வராது. நீங்கள் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் கடுமையாகத் தாக்கியவை செத்திருக்கும். எழுந்து வந்து குடிக்கத் தெம்புள்ளவைதான் உங்கள் கணக்கில் இருக்கின்றன. காலையில் குப்பையில் புதைத்தவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

தடுப்பூசியே காணாத மந்தையில் வீரியமான ராணிக்கெட், அதாவது நீங்கள் சொல்லும் வெள்ளைக்கழிச்சல், புகுந்தால் அநேகமாக எல்லாம் போய்விடும். பாதி மிஞ்சியது என்றால், பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமில் யாராவது உங்கள் வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டார்களா என்று வீட்டில் கேளுங்கள். தடுப்பூசி பிடித்ததா என்பதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்கலாம். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊசிக்கு நாள் குறிக்கிறார்கள்.

செவிப்பறை:

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், கோழி தெரியாது. ஆனால் ஊசிக்காரர் ஐயா சொல்வதைத்தான் என் புறநோயாளி அறையிலும் பார்க்கிறேன். நடுக்காதில் திடீர்த் தொற்று வந்த பிள்ளைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், 24 மணி நேரத்தில் வலி நின்றுவிடுகிறது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு சொல்வது இது. தொண்டை வலியிலும் அப்படியே: மருந்தில்லாமலே ஒரு வாரத்தில் 82 சதவீதத்தினர் தெளிந்துவிடுகிறார்கள், ஆன்டிபயாடிக்கால் சராசரியாக ஏறக்குறைய 16 மணி நேரம்தான் மிச்சம். உங்கள் மருத்துவர் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னது இதனால்தான். இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று இருந்தாலோ, காதிலிருந்து சீழ் வடிந்தாலோ கணக்கு மாறும். அங்கே மருந்தின் பயன் தெளிவாகத் தெரிகிறது.

வலி நின்றது என்பது ஒரு அளவுகோல் மட்டுமே. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கலாம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வற்றிவிடும். வற்றாவிட்டால் பிள்ளை வகுப்பில் கேட்காமல் உட்கார்ந்திருக்கும், நாம் கவனமில்லை என்று திட்டுவோம். மகள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைக்கிறாளா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் கேட்டல் பரிசோதனை.

டான்சில் அறுவைக்கும் இந்தக் கதை உண்டு. பிட்ஸ்பர்க் நகரில் நடந்து 1984-இல் வெளியான ஆய்வில், அடிக்கடி கடும் தொண்டை வலி வந்த பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள்: ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் ஐந்து ஐந்து முறை என்ற அளவில். அறுவை செய்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் வலி நன்றாகக் குறைந்தது. செய்யாதவர்களுக்கும் கணிசமாகக் குறைந்தது! உச்சத்தில் இருக்கும்போது நோயாளி நம்மிடம் வருகிறார். அங்கிருந்து இறங்குவதுதான் இயல்பு. செய்யாதவர்களை எண்ணியிராவிட்டால் முழுப் புகழும் கத்திக்குப் போயிருக்கும்.

பூண்டெண்ணெய் இனி வேண்டாம் அம்மா. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குப் போகும்.

மேட்டாங்காட்டு மருமகள்:

காதில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. மாமியாரிடம் சொல்லும் பொறுப்பைக் கணவரிடம் விட்டேன். கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுவோம். அதையும் மீறி வந்தால் பாதிக்கு மஞ்சள், பாதிக்கு ஒன்றுமில்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: மஞ்சள் பூசிய கோழி தூரத்திலேயே தெரியுமே, பார்ப்பவர் பாரபட்சம் காட்ட மாட்டாரா? மாமியார் வேறு, சீட்டைத் தானே குலுக்குவதாகச் சொல்கிறார்.

பழைய ஊசிக்காரர்:

அதனால்தான் இறப்பையும் எடையையும் எண்ணுங்கள் என்கிறேன், தராசுக்கு மஞ்சள் தெரியாது. அவர் தாராளமாகக் குலுக்கட்டும். ஆனால் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே கோழியைப் பிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்துவிட்டுக் கோழியைத் தேடினால், தெம்பான பெட்டைகள் எல்லாம் மஞ்சள் பக்கம் போய்விடும்.